கான்ட்ராக்ட் வேலையா? சாப்பாடு, பயணச் செலவுக்கு வரிச் சலுகை உண்டா? எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?

படித்து முடித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு இப்போது கையில் கிடைப்பது நிரந்தரப் பணிக்கான கடிதம் இல்லை, கான்ட்ராக்ட். 'கன்சல்டன்ட்', 'ஃப்ரீலான்சர்', 'ரீடெய்னர்' என்று பெயர்தான் மாறும். பி.எஃப் இருக்காது. சம்பளச் சீட்டும் இருக்காது. மாதம் பிறந்தால், பேசிய தொகையில் 10% டி.டி.எஸ் போக மீதி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

பஸ், ரயில், ஆட்டோ, லாட்ஜ், ஹோட்டல் சாப்பாடு என்று வேலைக்காக அலைகிற செலவெல்லாம் சொந்தப் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

இந்த இடத்தில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர், 'அதான் டி.டி.எஸ் பிடிச்சுட்டாங்களே, வரி முடிஞ்சுபோச்சு' என்று சும்மா இருந்துவிடுவார். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட்ட பிரியாணி பில் உட்பட எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, 'இதெல்லாம் தொழில் செலவு' என்று கணக்கில் ஏற்றப் பார்ப்பார். முதலாமவர் தனக்கு வரவேண்டிய பணத்தை விடுகிறார். இரண்டாமவர் அபராதத்தை விலைக்கு வாங்குகிறார்.

உண்மையில் சட்டம் என்ன சொல்கிறது?

சம்பளமா, தொழில் வருமானமா?

கம்பெனியில் எல்லோரோடும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்தாலும், கான்ட்ராக்டில் இருப்பவர் வரிச் சட்டத்தின் பார்வையில் ஊழியர் இல்லை. அவருக்கு வருவது சம்பளமும் இல்லை. 'தொழில் அல்லது வியாபாரத்தில் கிடைத்த வருமானம்' என்ற தலைப்பில்தான் அது வரும்.

இதனால் சில சலுகைகள் கைவிட்டுப் போகும். சம்பளக்காரர்களுக்கு எந்த பில்லும் கேட்காமல் கிடைக்கும் நிலைக்கழிவு (புதிய வரி முறையில் ரூ.75,000, பழைய முறையில் ரூ.50,000) இவருக்குக் கிடையாது. அலுவலக வேலையாக வெளியூர் போகும் ஊழியருக்குக் கம்பெனி தரும் பயணப்படி, தினப்படிக்கு வரிவிலக்கு உண்டு. அதுவும் இவருக்கு இல்லை.

பதிலுக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. தொழிலுக்காகச் செய்த செலவை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் வரி கட்டலாம். கடைக்காரர் சரக்கு வாங்கிய காசைக் கழித்துவிட்டு லாபத்துக்கு மட்டும் வரி கட்டுகிறாரே, அதே கணக்குதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. புதிய வரி முறையில் 80சி போன்ற கழிவுகள் கிடையாது. ஆனால், தொழில் செலவைக் கழிக்கும் உரிமை பழைய முறை, புதிய முறை இரண்டிலுமே இருக்கிறது.

சட்டம் கேட்கும் கேள்வி

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. 'முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்த செலவா?' என்று அது கேட்கிறது. சொந்தச் செலவாக இருக்கக் கூடாது. சொத்து வாங்குகிற மாதிரியான மூலதனச் செலவாக இருக்கக் கூடாது. சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய பணமாகவும் இருக்கக் கூடாது.

கிளையன்டைப் பார்க்கக் காரில் போனால் டோல் கட்டணத்தைச் செலவாகக் காட்டலாம். அதே பயணத்தில் வேகமாகப் போனதற்குக் கட்டிய போலீஸ் அபராதத்தைக் காட்ட முடியாது. சாலையும் ஒன்று, காரும் ஒன்று, வேலையும் ஒன்றுதான். இருந்தாலும் சட்டம் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம், 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்குப் பொருந்தும் பழைய சட்டத்தின் எண்கள்.

மதியச் சாப்பாடு ஏன் கணக்கில் சேராது?

'வேலைக்குப் போனதால்தானே ஹோட்டலில் சாப்பிட்டேன்? வீட்டில் இருந்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காதே!'

நியாயமான கேள்விதான். இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு தச்சர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார். அந்த நாட்டு வரிச் சட்டத்திலும் 'முழுக்க முழுக்கத் தொழிலுக்காக' என்ற இதே நிபந்தனை உண்டு. அவர் சப்-கான்ட்ராக்டில் பல இடங்களுக்குப் போய் வேலை செய்பவர். வீட்டில் மதிய உணவுக்கு 10 பென்ஸ் ஆகும், வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்டால் 40 பென்ஸ் ஆகும். கூடுதலாகப் போன 30 பென்ஸை மட்டுமாவது தொழில் செலவாக ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம்.

1975-ல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. தச்சு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மனிதன் சாப்பிட்டே ஆக வேண்டும். உயிர் வாழ்வதற்காகவும் சேர்த்துச் சாப்பிடுகிற சாப்பாட்டை, தொழிலுக்காக மட்டுமே சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. கூடுதல் 30 பென்ஸுக்கும் அதே பதில்தான்.

நம் நாட்டிலும் இதே தர்க்கத்தைத் தொட்ட ஒரு வழக்கு உண்டு. மூத்த வழக்கறிஞரும் முன்னாள் மத்திய சட்ட அமைச்சருமான சாந்தி பூஷண், தன்னுடைய இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கான செலவைத் தொழில் செலவாக ஏற்க வேண்டும் என்று கேட்டார். இதயம் நன்றாக இயங்கினால்தானே வழக்காட முடியும் என்ற அடிப்படையில், இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவு போல இதைப் பார்க்க வேண்டும் என்றுகூட வாதிடப்பட்டது. 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதயம் தொழிலுக்கு மட்டும் உரிய கருவி இல்லை, எல்லா மனிதருக்கும் உயிர்வாழத் தேவையான உறுப்பு.

தினமும் சாப்பிடும் மதியச் சாப்பாடு, மாலை டீ, வடை எல்லாம் இந்த வகையில்தான் வரும். சொந்த ஊரில் வேலை பார்க்கும்போது தனியாகச் சாப்பிட்ட சாப்பாட்டைத் தொழில் செலவாகக் காட்டாமல் இருப்பதே நல்லது.

வெளியூர் போய்த் தங்கினால் கதை வேறு. சேலத்தில் இருப்பவர் கிளையன்டின் வேலைக்காக ஓசூரில் இரண்டு நாள் தங்குகிறார் என்றால், பயணம், லாட்ஜ் வாடகை, அந்த இரண்டு நாள் சாப்பாடு மூன்றும் சேர்ந்து ஒரே தொழில் பயணத்தின் செலவு. நியாயமான அளவில், பில்லோடு இருந்தால் பொதுவாக ஏற்கப்படும். கிளையன்டோடு உட்கார்ந்து வேலை பேசிய இடத்தில் கொடுத்த காபி, டிபன் செலவையும் காட்டலாம். யாரோடு, எதற்காக என்று ஒரு வரி எழுதிவைத்திருக்க வேண்டும்.

பயணம்: எது சேரும், எது சேராது?

வீட்டிலிருந்து தினமும் ஒரே கம்பெனிக்குப் போய்வருகிற பஸ், மெட்ரோ, பெட்ரோல் செலவு பொதுவாகச் சொந்தச் செலவாகவே பார்க்கப்படும். எங்கே குடியிருப்பது என்பது நம்முடைய தேர்வு. தாம்பரத்தில் இருந்துகொண்டு அம்பத்தூருக்குப் போய்வரும் தூரத்துக்குத் தொழில் பொறுப்பாகாது.

வீட்டையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, இன்று ஒரு சைட், நாளை ஒரு சைட் என்று போகிறவரின் நிலை வேறு. இங்கிலாந்தில் சப்-கான்ட்ராக்டில் வேலை செய்த ஒரு கொத்தனாரின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கருவிகளை வைத்திருந்ததும் கணக்கு எழுதியதும் அவர் வீட்டில்தான். வேலை நடக்கும் இடம் மட்டும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறும். வீடுதான் அவருடைய தொழிலின் தலைமையிடம் என்று சொல்லி, வீட்டிலிருந்து சைட்டுக்குப் போய்வந்த செலவை 1971-ல் நீதிமன்றம் ஏற்றது. தச்சரின் சாப்பாடு தள்ளுபடி ஆனது, கொத்தனாரின் பயணம் செல்லுபடி ஆனது. சாப்பாட்டையும் பயணத்தையும் ஒரே கணக்கில் போடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளே போதும். இவை நம் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் இல்லை என்றாலும், நம் சட்டத்தின் கேள்வியைப் புரிந்துகொள்ள உதவும்.

ஒரு கிளையன்டிடமிருந்து இன்னொரு கிளையன்டிடம் போவது, சைட் பார்வை, பொருள் வாங்கப் போவது, வெளியூர் மீட்டிங் எல்லாமே தொழில் பயணம்தான்.

சொந்த பைக், கார் என்றால் தொழிலுக்கு ஓடிய பங்கை மட்டுமே காட்ட முடியும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடியதில் 600 வேலைக்காக என்றால் பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் 60 சதவிகிதம். வண்டியின் விலையை ஒரேயடியாகச் செலவில் போட முடியாது. ஆண்டுக்கு 15% தேய்மானம் என்ற கணக்கில், அதிலும் தொழிலுக்கான பங்கை மட்டும் கழிக்கலாம்.

வெளியூர் மீட்டிங்கோடு குடும்பத்தையும் அழைத்துப்போய் இரண்டு நாள் கொடைக்கானல் பார்த்துவிட்டு வந்தால்? மீட்டிங்குக்கான டிக்கெட்டும் அந்த நாளின் அறை வாடகையும் மட்டும்தான் தொழில் செலவு. குடும்பத்தின் டிக்கெட்டும் சுற்றிப்பார்த்த நாள்களும் சொந்தக் கணக்கு.

பில்லே வேண்டாம் என்கிற வழி

இவ்வளவு பில்லையும் சேர்க்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லை.

இன்ஜினீயர், டாக்டர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், ஐ.டி துறையினர், இன்டீரியர் டெக்கரேட்டர், திரைக் கலைஞர் போன்ற குறிப்பிட்ட தொழில் செய்பவர்களுக்கு 44ஏ.டி.ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஆண்டு வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவிகிதத்தைத் தாண்டாவிட்டால் ரூ.75 லட்சம் வரை போகலாம். இவர்கள் மொத்த வரவில் குறைந்தபட்சம் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவாகப் போனதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஐ.டி.ஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்யலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்த வழியில் போனால் பயணம், சாப்பாடு, போன் பில் என்று தனியாக எதையும் மறுபடி கழிக்க முடியாது. அந்தப் பாதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஓர் உதாரணம். கோவையில் ஒரு சிவில் இன்ஜினீயருக்கு மாதம் ரூ.80,000 என்று கான்ட்ராக்ட். ஆண்டுக்கு ரூ.9.6 லட்சம். 10% டி.டி.எஸ் பிடித்தால் ரூ.96,000 போய்விடும். 44ஏ.டி.ஏ-படி அவர் வருமானம் ரூ.4.8 லட்சம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டிய வரி பூஜ்யம். (பங்கு விற்ற லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.) வேறு வருமானம் இல்லை என்றால் ரூ.96,000-மும் ரீஃபண்டாக வரவேண்டியது.

ஆனால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். 'டி.டி.எஸ் பிடிச்சாச்சு, வேலை முடிஞ்சது' என்று இருந்துவிட்டால், ஒரு மாத வருமானத்துக்கும் மேலான தொகை போனது போனதுதான்.

பில் யாருக்குத் தேவை?

44ஏ.டி.ஏ பட்டியலில் இல்லாத வேலை செய்பவர்களுக்கு, அதிலும் ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு, பில்தான் கைகொடுக்கும். கமிஷன் அடிப்படையில் விற்பனை செய்பவர்கள் இதில் முக்கியமானவர்கள். சிறு வியாபாரிகளுக்கான 44ஏ.டி பிரிவும் கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. இவர்கள் ஐ.டி.ஆர்-3 படிவத்தில், உண்மையான செலவைத்தான் காட்ட வேண்டும்.

மதுரையை மையமாக வைத்துத் தென் மாவட்டங்கள் முழுக்கச் சுற்றும் ஒரு கமிஷன் ஏஜென்டுக்கு ஆண்டுக்கு ரூ.18 லட்சம் வரவு என்று வைத்துக்கொள்வோம். ரயில், வாடகைக் கார், லாட்ஜ், வெளியூர்ச் சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து ரூ.4.5 லட்சம் செலவு.

செலவைக் காட்டாமல் விட்டால், புதிய வரி முறையில் செஸ் சேர்த்து வரி ரூ.1,66,400.

செலவைக் காட்டினால் வருமானம் ரூ.13.5 லட்சம், வரி ரூ.85,800.

வித்தியாசம் ரூ.80,600. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவக்கூடிய பணம், பில்களை ஒழுங்காக வைப்பதில் இருக்கிறது.

44ஏ.டி.ஏ-வில் வரக்கூடியவருக்கே பாதிக்கு மேல் உண்மையில் செலவாகிறது என்றால், அவரும் உண்மைச் செலவைக் காட்டலாம். அப்போது கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் செய்ய வேண்டும். ஆடிட்டர் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பில் எப்படி இருக்க வேண்டும்?

ஜிபே, போன்பே ஹிஸ்டரி மட்டும் போதாது. பணம் போனதை அது காட்டும், எதற்காகப் போனது என்று காட்டாது. டாக்ஸி ஆப்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் இன்வாய்ஸ் தருகின்றன. ரயில் டிக்கெட் மெயிலில் இருக்கும். இவற்றை மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது.

பஸ் டிக்கெட், பெட்ரோல் பங்க் பில் எல்லாம் சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிட வேண்டும்.

ஆட்டோவுக்கு யார் பில் தருகிறார்கள்? சில்லறைச் செலவுகளுக்குத் தேதி, தொகை, காரணம் எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பயணக் குறிப்பு. என்ன தேதி, எங்கிருந்து எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான். கேள்வி வரும்போது நூறு பில்லைவிட இந்த நோட்டு அதிகம் பேசும்.

பெரிய தொகைகளை ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், உண்மையான தொழில் செலவாகவே இருந்தாலும் பொதுவாகக் கழிக்க முடியாது.

குறிப்பிட்ட தொழில்களுக்கான கணக்குப் புத்தகங்களை, சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களும் அப்படியே செய்வது பாதுகாப்பு.

கம்பெனியே பணத்தைத் திருப்பித் தந்தால்?

பயணச் செலவைக் கிளையன்ட் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதே செலவை மறுபடி நம் கணக்கில் கழிக்கக் கூடாது. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை காசு கேட்பது போலாகிவிடும்.

கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடும்போதே, வெளியூர் பயணம், தங்குமிடச் செலவு யாருடையது என்று எழுதி வாங்கிவிடுவது நல்லது. இன்வாய்ஸ் போடும்போது கட்டணம் தனி, செலவு தனி என்று காட்டி, ஒரிஜினல் பில்களை இணைத்து அனுப்பினால் பின்னால் குழப்பம் வராது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால், திருப்பித் தந்த செலவும் நம் வரவாகவே பதிவாகும், அதற்கும் டி.டி.எஸ் பிடிப்பார்கள். மொத்தச் சேவை வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி பதிவும் வந்துவிடும் என்பதால், இந்தப் பிரிவினை இன்னும் முக்கியம்.

போலி பில் வேண்டவே வேண்டாம்

பெட்ரோல் பில், ஹோட்டல் பில் 'தயாரித்துத் தரும்' இணையதளங்கள் இருக்கின்றன. நண்பர்களின் பில்லைக் கடன் வாங்கி இணைப்பவர்களும் உண்டு. மாட்டிக்கொண்டால், போன வரியும் வட்டியும் கட்ட வேண்டும். தவறான தகவல் தந்ததாக முடிவானால், மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 200% அபராதமும் உண்டு. சில ஆயிரங்களுக்காக எடுக்கிற ரிஸ்க் இல்லை இது.

இப்போதே செய்யவேண்டியவை

* வருமான வரி இணையதளத்தில் ஃபார்ம் 26ஏ.எஸ் பார்க்கவும். பிடித்த டி.டி.எஸ்-ஸைக் கம்பெனி உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறதா என்று தெரியும். ஃபார்ம் 16ஏ கேட்டு வாங்கவும்.

* உங்கள் வேலை 44ஏ.டி.ஏ பட்டியலில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்யவும். பில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா என்பது இதைப் பொறுத்ததுதான்.

* தொழில் வரவு செலவுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைக்கவும். மளிகைக் கடை பில்லும் ரயில் டிக்கெட்டும் ஒரே பாஸ்புக்கில் கலந்தால், பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

* டி.டி.எஸ் போக இன்னும் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் வரி வரும் என்றால் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என நான்கு தவணை. 44ஏ.டி.ஏ-வில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

* பழைய முறையா, புதிய முறையா என்பதை யோசித்து முடிவெடுக்கவும். சம்பளக்காரர் போல ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ள முடியாது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய்விட்டால், புதிய முறைக்கு ஒருமுறைதான் திரும்பலாம்.

உங்கள் வீட்டில் மகனோ மகளோ கான்ட்ராக்ட் வேலையில் இருந்தால், 'எவ்வளவு சம்பளம்?' என்பதோடு, 'போன வருஷம் ரிட்டர்ன் போட்டியா?' என்றும் கேளுங்கள். ரீஃபண்டாக வரவேண்டிய தொகை, அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கலாம்.